பேண்ட் சைஸ் 34, டேப்பில் 37

போன வாரம் ஆபீஸ்ல ஹெல்த் செக்கப். எனக்கு வயசு 29, உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. எடையை, மீட்டர் கணக்குல உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா பி.எம்.ஐ. 23.7. போன்ல இருக்கிற ஆப் பச்சைக் கலர்ல 'நார்மல்'னு காட்டுது. ஆனா ரிப்போர்ட்ல ஹெச்பிஏ1சி 5.9. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். அப்பாவுக்கு 45 வயசுல வந்தது, எனக்கு இப்பவே வாசல்ல நிக்குது.

எடை நார்மல்னா இது எப்படி?

முதல் விஷயம், அந்த ஆப் வெச்சிருக்கிற கோடு 25. இந்தியர்களுக்கு நம்ம மருத்துவர்கள் 2009ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 23லயே அதிக எடை, 25 ஆனா உடல் பருமன். நான் பச்சையே இல்ல.

ஏன் இந்த வித்தியாசம்? 2004ல் லான்செட் இதழ்ல ஒரு சுவாரஸ்யமான படம் வந்தது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டிஷ் டாக்டர் ஜான் யட்கின், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. ரெண்டு பேருக்குமே பி.எம்.ஐ. 22.3. ஆனா உடம்புல கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு. நம்ம ஊர்ல கை கால் குச்சியா, தொப்பை மட்டும் முன்னாடி வர்ற அண்ணன்களை நினைச்சுக்கோங்க. பி.எம்.ஐ.க்கு தசை எது, கொழுப்பு எதுன்னு தெரியாது. 1830கள்ல இந்தக் கணக்கைப் போட்ட பெல்ஜியத்துக்காரர் கெட்டலே டாக்டரும் இல்ல, கணித, வானியல் ஆளு.

அதனால டாக்டர் டேப்பை எடுத்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்போட மேல்முனைக்கும் நடுவுல, மூச்சை இயல்பா விட்டதும் அளக்கணும். எக்கக் கூடாது! (நான் எக்கினேன், மாட்டிக்கிட்டேன்.) இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. என் பேண்ட் 34 இன்ச், கணக்குப்படி 86 செ.மீ. தானேன்னு தைரியமா நின்னேன். 94 வந்தது, 37 இன்ச். பேண்ட்டை நாம தொப்பைக்குக் கீழதானே போடறோம்!

மருந்து வேண்டாம், மூணு நாலு கிலோ குறைங்க, தினமும் நடங்க, வாரத்துல ரெண்டு நாள் வெயிட் தூக்குங்கன்னார். ராத்திரி 11 மணி பரோட்டாவை நானே நிறுத்திட்டேன். அம்மா வேற "ரொம்ப இளைச்சுட்டே"ன்னு இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட். நம்பர் என்ன வந்தாலும் இங்கயே சொல்றேன்.