கைக்கு இசைந்த கமரா

மணவறையிலே முகூர்த்த வேளை நெருங்கிவிட்டது. தாலி வைத்த தட்டுச் சபையோரின் ஆசி பெற்று மீண்டுவிட்டது. மணமகன் எழுகின்றான், கெட்டிமேளம் முழங்குகின்றது, நாற்புறமிருந்தும் மலரும் அட்சதையும் சொரிகின்றன. புதிய கமராவைக் கையிலேந்தி முன்வரிசையில் நிற்கும் இளைஞன் பொத்தானை அழுத்துகின்றான். கமரா படம் எடுக்கவில்லை. அதன் முகப்பிலே சிறு விளக்கொன்று மின்னி மின்னி மறைகின்றது. பத்துச் செக்கன் கழிந்தபின் அது தானாகவே ஒரு படத்தை எடுத்துக்கொள்கின்றது. அதற்குள் தாலி ஏறியாயிற்று. படத்திலே தெரிவது யாரோ ஒரு பெரியவரின் முதுகு.

இவ்விளைஞனுடைய கமரா பழுதுற்றதன்று, விலை மலிந்ததுமன்று. முதல்நாள் மாலை வீட்டாருடன் தானும் சேர்ந்து நிற்கும் பொருட்டு, பத்துச் செக்கன் தாமதித்துப் படமெடுக்குமாறு அவன் அதற்குக் கட்டளை இட்டிருந்தான். அக்கட்டளையை மாற்ற மறந்தான், கமரா மறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

புதிய டிஜிற்றல் கமராவொன்றை வாங்குவோர் அதன் வில்லையைப் பற்றியும், அது பதியும் புள்ளிகளின் தொகையைப் பற்றியும் கடைக்காரரிடம் நெடுநேரம் விசாரிப்பர். அதன் பொத்தான்களும் சக்கரங்களும் தம் விரல்களுக்கு இசைந்தனவா என்பதை விசாரிப்போர் சிலரே. ஆனால் படம் கிடைப்பதும் தவறுவதும் பெரும்பாலும் அவ்விடத்திலேதான் தீர்மானமாகின்றன.

1888ஆம் ஆண்டிலே அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன் விற்பனைக்குக் கொணர்ந்த முதற் கொடாக் கமராவிலே மனிதன் செய்யவேண்டியிருந்த செயல்கள் மூன்றே. ஒரு கயிற்றை இழுத்தல், ஒரு பொத்தானை அழுத்துதல், ஒரு சாவியைத் திருகுதல். நூறு படங்கள் எடுத்து முடிந்ததும் பெட்டியை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். பின்வந்த கமராக்களிலே குமிழ்களும் வளையங்களும் பெருகினவாயினும், அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில்தான் உண்டு. வேகத்தை மாற்றும் குமிழ் உள்ளேயுள்ள பற்சக்கரங்களோடும் நெம்புகளோடும் பிணைக்கப்பட்டிருந்தது. அதனை வேறு தொழிலுக்கு ஏவுதல் இயலாது. கமராவைத் தமக்கேற்ப மாற்ற விரும்பியவர் புறத்தோற்றத்தை மட்டுமே மாற்றலாயிற்று. பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் தம் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கரிய நாடாவால் மறைத்து, பிறர் கண்ணிற் படாதவாறு கொண்டு திரிந்தார்.

டிஜிற்றல் கமராவின் இயல்பு வேறு. 1975இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சசன் அமைத்த முதற் கருவி, பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை நாடாவிற் பதிவதற்கு 23 செக்கன் எடுத்தது. இக்காலத்துக் கமராக்கள் பல, ஒரு செக்கனுக்குள்ளேயே பல படங்களைப் பதிந்துவிடுகின்றன. இவ்விரைவினும் முக்கியமானதொரு மாற்றம் உண்டு. இக்கருவியின் உள்ளே இருப்பது ஒரு கணினி. பொத்தானை விரல் அழுத்தும்போது எந்தப் பற்சக்கரமும் சுழல்வதில்லை; கணினிக்கு ஒரு விண்ணப்பம் செல்கின்றது, அவ்வளவே. அவ்விண்ணப்பத்துக்குப் பொருள் யாது என்பதை உரியவர் தாமே வகுத்துக்கொள்ளலாம். கமராவின் மெனு என வழங்கும் நீண்ட பட்டியலின் பெரும்பகுதி இதற்கே அமைந்தது.

விசைகளின் ஒழுங்கு எத்துணைப் பெரிய காரியம் என்பதற்குத் தமிழர் வேறிடம் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தபோது எதிர்ப்பட்ட சிக்கல், இத்தனை எழுத்துக்களைச் சில விசைகளுள் எவ்வாறு அடக்குவது என்பதே. அழுத்தினாலும் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்துக் குறிகளை எழுத்தின்மேல் ஏற்றும் வழியை அவர் கண்டார். கமராவிலும் சிக்கல் அதுதான். கட்டளைகள் பலநூறு, விரலுக்கு எட்டும் பொத்தான்களோ சில.

கமராவைப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் நாளிலே செய்யவேண்டியவை சில உள. மொழியைத் தெரிதல் அவற்றுள் ஒன்று. நிக்கொன் நிறுவனத்தின் சில கமராக்களிலே மொழிப்பட்டியலில் தமிழும் இருக்கக் காணலாம்; ஆயினும் அச்சிட்ட கைந்நூல் ஆங்கிலத்தில் இருப்பின், மெனுவையும் அதே மொழியில் வைத்துக்கொள்வது தொடக்கத்தில் எளிது. கடிகாரத்தைச் சரிசெய்தல் மற்றொன்று. இது சிறு காரியம் போலத் தோன்றும். ஒரே மணவிழாவை இரு கமராக்கள் பதிந்து, அவற்றுள் ஒன்றன் கடிகாரம் நாற்பது நிமிடம் பிந்தியிருப்பின், படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது தாலி கட்டுமுன்னரே விருந்து நடந்துவிடும்.

கண் வைத்துப் பார்க்கும் சாளரத்தின் அருகே ஒரு சிறு திருகு உண்டு. பலர் அதனை ஆண்டுக்கணக்காகத் தொடுவதேயில்லை. பார்ப்பவரின் கட்பார்வைக்கு ஏற்பச் சாளரத்தைத் திருத்துவதற்கு அது அமைந்தது. வெளிக்காட்சியை நோக்காது, சாளரத்தினுள்ளே தெரியும் எண்களை நோக்கி, அவை கூர்மையாகத் தெரியும்வரை அதனைத் திருகவேண்டும். படங்கள் யாவும் மங்கலாகவே விழுகின்றன என்று கமராவை நொந்துகொண்டவர் சிலர், ஈற்றில் இத்திருகைத் திருத்தி அமைதி பெற்றதுண்டு.

இன்னுமொன்று. நினைவு அட்டை உள்ளே இல்லாதபோதும் சில கமராக்கள் படமெடுப்பதுபோல் ஒலியெழுப்பி இயங்கும். கடைகளிலே வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு அது வசதியானது. வாங்கியவருக்கோ அது பெருங்கேடு. அட்டை இன்றேல் இயங்காதே என்னும் கட்டளை மெனுவிலே இருக்கும். முதல் நாளிலேயே அதனைத் தேடிப் பிடித்து இட்டுவிட வேண்டும்.

இனி, விரல்களின் காரியம். தொழிற்சாலையிலிருந்து வரும் கமராவிலே ஷட்டர்ப் பொத்தானுக்கு இரு தொழில்கள் தரப்பட்டிருக்கும். பாதி அழுத்தினால் வில்லை பொருளைத் தேடிக் குவியம் பிடிக்கும். முழுதும் அழுத்தினால் படம் எடுக்கும். அசையாப் பொருள்களுக்கு இது போதும். அசையும் பொருளுக்கு இதனால் இடர் விளைவதுண்டு. மணமக்களுக்கும் கமராவுக்கும் இடையே ஒருவர் குறுக்கே நடந்தால், அடுத்த அழுத்திலே கமரா அவர்மீது குவியம் பிடிக்க ஓடும். மங்கிய வெளிச்சத்திலே குவியம் கிடைக்காவிடின், படமெடுக்கவே மறுக்கும் கமராவும் உண்டு.

இதற்குக் கண்ட வழி, இரு தொழில்களையும் பிரித்துவிடுதல். கனன் நிறுவனம் 1989இல் வெளியிட்ட ஈ.ஓ.எஸ். 630 என்னும் பிலிம் கமராவிலேயே இவ்வசதி தோன்றிவிட்டது. குவியம் பிடிக்கும் தொழில், கமராவின் பின்புறத்திலே வலக்கைப் பெருவிரல் படியும் இடத்திலுள்ள பொத்தானுக்கு மாற்றப்பட்டது. சுட்டுவிரலுக்குப் படமெடுக்கும் தொழில் மட்டும் எஞ்சியது. பெருவிரலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, தொடர்குவியம் என்னும் அமைப்பிலே, ஓடும் பிள்ளையை வில்லை தொடர்ந்துகொண்டேயிருக்கும். பெருவிரலை எடுத்தால் குவியம் அவ்விடத்திலேயே நிற்கும். குறுக்கே யார் நடந்தாலும் அது அசையாது. விளையாட்டுப் போட்டிகளையும் பறவைகளையும் படமெடுப்போர் பலர் இம்முறையை விடாது கைக்கொள்வது இதனாலேதான்.

ஆயினும் இப்பழக்கம் ஒரு நாளிற் கைவருவதன்று. முதல் வாரத்திலே பெருவிரல் தன் கடமையை மறக்கும், படங்கள் மங்கும், பழைய முறையே நன்று என்று தோன்றும். அவ்வாரத்திலே மணவீட்டுக்குப் போகாதிருத்தல் நலம். முற்றத்து மாமரத்து அணிலும் வீதியிலே செல்லும் சைக்கிளும் போதிய பயிற்சி தரும்.

இதனோடு சார்ந்த வேறொரு வினோதமும் உண்டு. நிக்கொன் கமராவுக்குப் பழகியவர் கனன் கமராவைக் கையிலெடுத்தால், வில்லையைப் பூட்டும் திசையே எதிர்மாறாக இருக்கக் காண்பார். அதனை மாற்ற இயலாது. ஆனால் விரலாற் சுழற்றும் சக்கரங்களின் திசையைப் பல கமராக்களில் மெனு மூலம் புரட்டிவிடலாம். ஒளியைக் கூட்ட எண்ணிக் குறைத்துவிடும் கைக்கு, தன்னைத் திருத்துவதிலும் சக்கரத்தைத் திருத்துவது எளிது.

ஒளியுணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ. என வழங்கும் அளவை, ஒவ்வொரு படத்துக்கும் கையாலே மாற்றுவோர் இன்று குறைந்துவிட்டனர். கமராவே அதனைக் கூட்டிக் குறைக்கட்டும் என்று விட்டுவிடுவதில் இழுக்கில்லை. ஆனால் எல்லை வகுத்து விடவேண்டும். எல்லையின்றி விடப்பட்ட கமரா, மண்டபத்து மங்கிய ஒளியிலே ஷட்டர் வேகத்தை 30இல் ஒரு பங்கு செக்கனுக்குத் தாழ்த்திவிடக்கூடும். தூண்கள் கூர்மையாக விழும்; மனிதர் கைகள் புகைபோல் கலங்கும். வேகம் 125இல் ஒரு பங்குக்குக் கீழ் இறங்கலாகாது, உணர்திறன் 6400க்கு மேல் ஏறலாகாது என இரு வேலிகளை இட்டுவிட்டால், உரியவர் காட்சியிலே கருத்தைச் செலுத்தலாம். ஓடியாடும் பிள்ளைகளுக்கு 500இல் ஒரு பங்கு வேண்டியிருக்கும்.

இலங்கையிலே நினைவிற் கொள்ளவேண்டியதொன்றும் இங்கே உண்டு. இந்நாட்டின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுக்கள் கொண்டது. ஆகவே குழல் விளக்குகளும், எல்.ஈ.டி. விளக்குகளிற் பலவும் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி ஒளிர்கின்றன. கண் அதனை உணர்வதில்லை. கோயிலிலே பூசைக்கு இடையூறு நேரலாகாது எனக் கருதி, ஒலியில்லா ஷட்டர் என்னும் அமைப்பை இடுவோருண்டு. எண்ணம் நல்லதே. ஆனால் அவ்வமைப்பிலே பல கமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. படித்து முடிக்குமுன் விளக்கு மங்கி மீள்வதால், படத்தின் குறுக்கே கருமையும் வெண்மையுமாகக் கோடுகள் விழும். அத்தகைய இடத்திலே வேகத்தை 100இல் ஒரு பங்கோ 50இல் ஒரு பங்கோ ஆக வைப்பது ஒரு மாற்று. பொறிமுறை ஷட்டருக்கே திரும்பி, கூச்சலிடும் 'பீப்' ஒலியையும், குவியத்துக்காக முகத்திலே பாயும் துணைவிளக்கையும் மட்டும் அணைத்துவிடுவது மற்றொன்று. உண்மையிலே பூசையைக் குலைப்பவை பெரும்பாலும் இவ்விரண்டுமே.

இவ்வாறு வகுத்த அமைப்புக்களை ஒரு தொகுதியாகச் சேமித்து வைக்கக் கமராவின் மேற்சக்கரத்திலே இடமுண்டு. கனன் கமராக்களிற் பலவற்றில் சி 1, சி 2 என்றும், நிக்கொனிற் சிலவற்றில் யூ 1, யூ 2 என்றும் அவ்விடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அமைதியான உருவப்படங்களுக்கு ஒன்று, அசைவுக்கு மற்றொன்று என வைத்துக்கொண்டால், சக்கரத்தை ஒருமுறை திருப்புவதே போதும். இதன் பெரும்பயன் விரைவன்று. நடுவிலே செய்த சிறு மாற்றங்களை அத்தொகுதி தன்னுடன் வைத்திராது, சேமித்த நிலைக்கே மீளுமாறு அமைக்கலாம் என்பதே பயன். கமரா உறங்கி விழித்ததும் நேற்றைய மாற்றங்கள் மறைந்துவிடும். மணவறை முன்னே ஏமாந்த இளைஞனுக்கு வேண்டியிருந்தது இதுவே.

புதுமை மோகத்தால் எல்லாப் பொத்தான்களையும் மாற்றிவிடுவோருமுண்டு. பன்னிரண்டு பொத்தான்களுக்கும் பன்னிரண்டு புதுத் தொழில்களை இட்டவர், ஒரு மாதம் கமராவைத் தொடாதிருந்து மீண்டும் எடுத்தால், தம் கையிலே பிறர் கமரா இருப்பதாகவே உணர்வார். மூன்று அல்லது நான்கு மாற்றங்கள் சாலும். குவியப் பொத்தான், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம், உணர்திறன், மெனுவிலே அடிக்கடி நாடும் சிலவற்றைச் சேர்த்த குறும்பட்டியல் என்பவற்றுக்கு அப்பாற் செல்வோர் காரணம் அறிந்து செல்வாராக.

தன் கைக்கு இசைந்த கமரா பிறர் கைக்கு இசையாதது என்பதும் உண்டு. படப்பிடிப்பாளரான ஒரு தமையன், தங்கையின் மணநாளிலே தானும் மணமக்களோடு ஒரு படத்திலாவது நிற்க விரும்பிக் கமராவை மாமனாரிடம் கொடுக்கின்றான். மாமனார் தாம் அறிந்தவாறு ஷட்டர்ப் பொத்தானை அழுத்துகின்றார். குவியமோ பெருவிரற் பொத்தானிலே இருக்கின்றது. அதை அவர் அறியார். பத்துப் படங்களும் மங்கல். கமராவைக் கொடுக்குமுன் குவியத்தைப் பழைய பொத்தானுக்கே மீட்டு, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்திருப்பின், அத்தமையன் அக்குடும்பப் படத்திலே தெளிவாகத் தெரிந்திருப்பான்.

அனுபவம் மிக்க படப்பிடிப்பாளர் சிலரிடத்தே ஒரு வழக்கமுண்டு. இரவிலே விளக்கை அணைத்துவிட்டு, கமராவைக் கையிலெடுத்து, விரல்களை ஒவ்வொரு பொத்தானாகச் செலுத்திப் பார்ப்பர். எந்தப் பொத்தானைத் தேடவேண்டியிருக்கின்றதோ, அது மாற்றத்துக்கு உரியது. விழா முடிந்து வீடு திரும்பியதும், பற்றரியைச் சார்ஜுக்கு இட்டு, படங்களைப் பிரதி செய்து, அட்டையைக் கமராவிலேயே புதிதாக்கி, தாமதப் படம், ஒளி ஈடுசெய்தல், உணர்திறன் ஆகிய மூன்றையும் பார்த்துப் பழைய நிலைக்கு வைத்தபின்னரே, கமராவைப் பையினுள் வைப்பர்.