புலம்பு என்னும் சொல்



தேர்வில் தவறிய தோழன் ஒருவன் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி வருந்துகிறான். சிறிது நேரம் கேட்கிறோம். பிறகு, "சும்மா புலம்பாதே" என்று அவன் வாயை அடைத்து விடுகிறோம். நானும் அவ்வாறு சொன்னவனே. 'புலம்பு' என்னும் சொல்லின் பழம்பொருளை அறிந்த பின்னரோ, அதனைச் சொல்ல நாக் கூசுகிறது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் உரியியல் என ஓர் இயல் உண்டு. எளிதில் விளங்கும் சொற்களை விடுத்து, விளங்காதவற்றுக்கே அது பொருள் கூறும். அங்கே புலம்பு என்பதற்குக் கூறப்படும் பொருள் தனிமை. தலைவனைப் பிரிந்த தலைவியின் மாலைப் பொழுதைச் சங்கச் சான்றோர் புலம்பு மிக்கதாகப் பாடினர். அவள் அருகே தோழி இருக்கிறாள். இல்லத்தில் தாய் இருக்கிறாள். ஆயினும் அவள் தனியள். ஊரெல்லாம் சூழ இருந்தும், நெஞ்சுக்குத் துணையில்லையேல் அதுவும் தனிமையே.

இச்சொல்லுக்கு ஒலி, அழுகுரல் என்னும் பொருள்களும் உண்டு. கடற்கரை என்னும் பொருளும் உண்டு. நெய்தல் நிலத் தலைவனுக்குப் புலம்பன் என்பது ஒரு பெயர். அந்நிலத்தின் உரிப்பொருளோ இரங்கல். அதுவும் ஒலியையும் வருத்தத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாகும். முரசும் இரங்கும், கடலும் இரங்கும், மனமும் இரங்கும்.

கரையும் ஒலியும் தனிமையும் ஒரு சொல்லில் கூடியதன் பொருத்தத்தைப் புதுவையில் வாழ்வோர் நன்கு உணர்வர். நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, உரோம நாட்டு வாணிகத் தொடர்பைக் காட்டும் மட்கலங்கள் வெளிப்பட்டன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்நகரத்தார் பலர் வேலைக்காகச் சைகோனுக்குக் கப்பலேறினர். கலம் கண்ணுக்கு மறைந்த பின், கரையில் நின்றவர்க்கு எஞ்சியது அலையோசை ஒன்றே அன்றோ!

பிரெஞ்சு பயின்ற நம் நகரத்தார் 'திரிஸ்த்' என்னும் அடைமொழியை அறிவர். இலத்தீன் மொழியின் 'திரிஸ்திஸ்' என்பதன் வழிவந்த சொல் அது. துயருற்ற மனிதனுக்கும் அதனை அடையாக்கலாம்; களையிழந்த ஊருக்கும் அடையாக்கலாம். ஆயின் அது துயரத்தைச் சொல்லுமேயன்றி, அதன் காரணத்தைச் சொல்வதில்லை. நம் சொல்லோ காரணத்தையும் உடன் உரைக்கிறது. புலம்புகிறவன் தனித்திருக்கிறான், அதனாலேயே அவன் குரல் ஓயாமல் ஒலிக்கிறது. கேட்பார் இல்லாத பேச்சே திரும்பத் திரும்ப வரும்.

இன்று இச்சொல் பயனற்ற பேச்சைக் குறிக்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அகராதியில் அதன் பழம்பொருள் அழியாதிருக்கிறது. அதனை வாழ்விலும் காப்பது நம் கையில் உள்ளது. இனி ஒருவர் புலம்பக் கேட்டால், "புலம்பாதே" என்று சொல்லுமுன், அவர் அருகே சற்று அமர்ந்து பாருங்கள்.