கயிற்றின் அசைவும் நோயாளியின் மௌனமும்

மன்னார்க் கடலின் முத்துப் பார்கள் பழம்புகழ் வாய்ந்தவை. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களை அடுத்த கடலில் முத்துச் சிலாபம் கூடியபோதெல்லாம் பல நாட்டினரும் அங்கு வந்து திரண்டனர். 1905-ஆம் ஆண்டுச் சிலாபத்தில் தமிழ்க் குளியாளரோடு அரபுக் குளியாளரும் மூழ்கினர். கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கியவன் வாய் திறந்து பேச இயலாது. மேலே தோணியில் இருந்தவனுக்கும் அவனுக்கும் இடையே இருந்தது ஒரு கயிறு மட்டுமே. மூச்சு முட்டும் வேளையில் கீழிருந்து அக்கயிறு ஒருமுறை அசையும். அந்த அசைவை அறிந்தவன் உயிரைக் காத்தான். பராக்குப் பார்த்திருந்தவனுடைய கவனப்பிழைக்கு விலை மற்றொருவனுடைய மூச்சாகும்.

நோயாளியின் அருகே நிற்கும் வைத்தியரும் தாதியும் கயிறு பிடித்த அம்மனிதனுக்கு ஒப்பானவர்களே. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணி புரிபவனையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. அந்நூலிலேயே குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. நோயாளர் விடுதியில் இவ்விரு அறிவும் ஒன்று சேர வேண்டும்.

இன்று மன்னார்க் கரையில் சங்கும் கடலட்டையும் தேடி, காற்றுக் கலன் பூட்டி மூழ்குவோர் உள்ளனர். ஆழத்தின் அழுத்தத்தில் நைதரசன் வாயு குருதியிலும் தசைகளிலும் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். இவ்வாறு கரையேறிய ஒருவரிடம், “என்ன செய்கிறது?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை, அலுப்புத்தான்” என்பார். மறுநாள் தொழில் போய்விடும் என்னும் அச்சம் அவ்வாறு சொல்ல வைக்கிறது. ஆனால் அவர் கை தோள்மூட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறது. ஒரு கால் மணலில் இழுபடுகிறது. சிறுநீர் கழிக்கச் சென்றவர் கழிக்க இயலாமல் திரும்புகிறார். வாய் மறைத்ததை உடல் சொல்லிவிடுகிறது. அதனைக் கண்டவர் அவரை மீண்டும் மூழ்கவிடாது உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். பிராணவாயு கொடுப்பதும், அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்வதும் இந்நோய்க்குரிய வழிகள். தாமதம் நிலையான முடத்தையும் விளைவிக்கக்கூடும்.

குறிப்புகள் எப்போதும் தெளிவாக அமைவதில்லை. தமிழர் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் அது பெரும்பாலும் சம்மதம்; பிற நாட்டிற் பயின்ற கண்ணுக்கு அது மறுப்பாகவும் தோன்றலாம். “ம்” என்னும் ஒலி, “கேட்டேன்” என்பதைக் காட்டுமேயன்றி, “விளங்கியது” என்பதைக் காட்டாது. மூத்த பெண்ணொருவர் கண்களைத் தாழ்த்துவது மரியாதையாக இருக்கலாம். வெட்கமாகவோ, சொல்லமுடியாத துயராகவோ இருப்பதும் உண்டு. ஆதலின், “விளங்கிற்றா?” என்று கேட்பதினும், “இம்மருந்தை வீட்டில் எப்படி உட்கொள்வீர்கள், அம்மா?” என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லச் செய்வது நன்று.

மொழியும் இடையே நிற்கிறது. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சிங்களம் மட்டுமே அறிந்த வைத்தியரும் தமிழ் மட்டுமே அறிந்த நோயாளியும் எதிரெதிரே அமரும்போது, சட்டம் இருவருக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பதில்லை. துணைக்கு வந்த மகன் மொழிபெயர்த்தால், தாய் தன் நோயின் பாதியை விழுங்கிவிடுவாள். பெற்ற பிள்ளையின் முன் பேசத்தகாதவை என்று அவள் கருதுபவை பல.

அதற்கும் மேலாக நிற்பது நினைவு. 1990-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மன்னார் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களுட் பலர் புத்தளத்தில் நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்தனர். போர் 2009-இல் முடியும்வரை தமிழ்க் குடும்பங்களும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தன. கையில் தாளோடு நின்று கேள்வி கேட்போர் முன் குறைவாகப் பேசுவதே பாதுகாப்பு என்று கற்ற மக்கள் இவர்கள். வைத்தியரும் கையில் தாளோடுதான் வருகிறார். நோயாளியின் மௌனத்தைப் பிடிவாதம் என்று கொள்ளலாகாது. நின்று கேட்பதை விடுத்து அருகே அமர்தல், திரையை இழுத்து விடுதல், பெயர் சொல்லி அழைத்தல், பதில் வரும்வரை பொறுத்திருத்தல் ஆகிய சிறு செயல்களே அம்மௌனத்தைக் கலைக்கும்.

எனினும் குறிப்பறிதல் வேறு, ஊகித்தல் வேறு. 1967-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் முதலியோர் நடத்திய ஆய்வுகளைக் காட்டி, பேச்சிற் சொல்லின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே எனப் பலர் கூறுவர். அவ்வாய்வுகள் விருப்பு வெறுப்பு உணர்த்தும் தனிச்சொற்களைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அவை பொருந்தா. எந்த இடத்தில் நோகிறது, எப்போது தொடங்கியது என்பவற்றை நோயாளியே சொல்ல வேண்டும். முகக்குறிப்பு தீர்ப்பன்று, அடுத்த கேள்விக்கு அது வழிகாட்டி.

கயிறு அசைந்தவுடன் தோணியிலிருந்தவன் அதற்குப் பொருள் விரித்துக்கொண்டிருக்கவில்லை. இழுத்தான். மேலே வந்தவன் மூச்சு வாங்கிய பின்னரே பேசினான். நோயாளிக்கும் முதலில் அந்த மூச்சு வேண்டும். பேச்சு பின்னே வரும்.