முதியோரின் மயக்கமும் இருதய நாடியும்

(பங்கின் பொன்விழா முதியோர் தினத்தில் மருத்துவப் பணிக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இக்கோவில் எழும்பக் கல்லும் மண்ணும் சுமந்த கைகள் இன்று ஊன்றுகோல் பிடித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றன. அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி மகிழ்கிறோம். அது முறைதான். ஆனால் பொன்னாடையோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் தலைசுற்றி விழுந்தால், ஏன் விழுந்தார்கள் என்று அக்கறையோடு கேட்பதும் மரியாதையில் சேர்ந்ததே. அதைப் பற்றித்தான் இன்று சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

வீட்டில் தாத்தா மயங்கி விழுந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "பித்த மயக்கம்" என்கிறோம். திருப்பலியில் நிற்கும்போது பாட்டி சாய்ந்தால் "பசி மயக்கம்" என்கிறோம். ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, "வயசானால் அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். விழுந்தவரும் "ஒன்றுமில்லை, கால் தடுக்கிவிட்டது" என்று மழுப்புகிறார். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதே என்ற எண்ணம் ஒன்று. இனிமேல் தனியாகக் கோவிலுக்குப் போக விடமாட்டார்களே என்ற பயம் மற்றொன்று. இப்படி இரு தரப்பும் மூடி மறைத்தால், அடுத்த விழுகையில் இடுப்பெலும்பு முறிகிறது. சில வேளை உயிரே போய்விடுகிறது.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே. முதுமை மயக்கத்துக்குக் காரணம் அன்று. காரணம் வேறொன்று இருக்கும். அதைத் தேட வேண்டும். தேடினால் பலருக்கு அகப்படும். அகப்பட்டால் பெரும்பாலும் பரிகாரமும் உண்டு.

நம் இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதன் வலது மேலறையில் ஒரு சிறு திசுக்கூட்டம் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய மின் அலை புறப்பட்டு, நடுவே உள்ள ஒரு கணுவைக் கடந்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. அலை வந்து சேர்ந்ததும் கீழறைகள் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. வயது ஏற ஏற இந்த மின்பாதை சிலருக்குத் தேய்ந்துபோகிறது. அலை புறப்படத் தாமதிக்கும். அல்லது புறப்பட்ட அலை வழியில் தடைபட்டு நின்றுவிடும். தடை முழுமையானால் கீழறைகள் தாமாகவே நிமிடத்துக்கு 30, 40 என்று மெதுவாகத் துடிக்கும். சில வேளை சில விநாடிகள் துடிக்காமலே நின்றுவிடும். மூளைக்கு ஏழெட்டு விநாடி இரத்தம் போகாவிட்டால் போதும், நினைவு தப்பிவிடும். இருதயம் மீண்டும் துடித்ததும் மனிதர் கண் விழித்து, "என்ன நடந்தது?" என்று நம்மையே கேட்பார்.

இந்த உண்மையை மருத்துவ உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற மருத்துவர் 1827-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் 68 வயதான வருவாய்த் துறை அதிகாரி. ஏழு ஆண்டுகளில் இருபது முறைக்குக் குறையாமல் மூர்ச்சையாகி விழுந்தவர். அத்தகைய மூர்ச்சையை மூளை நோய் என்றே அக்காலத்தில் கருதுவது வழக்கம். ஆடம்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 30 தான் இருந்தது. கோளாறு மூளையில் தொடங்கவில்லை, இருதயத்தில் தொடங்குகிறது என்று அவர் கருதினார். அதே ஊரின் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-ல் இதை மேலும் விளக்கினார். இருதயத் தடையால் வரும் இம்மயக்கத்துக்கு இன்றும் அவ்விருவர் பெயரே வழங்குகிறது. கவனியுங்கள்: இ.சி.ஜி. கருவி அன்று இல்லை. விரலும் கடிகாரமும் பொறுமையும் துணை நின்றன.

காரணம் தெரிந்தும் பரிகாரத்துக்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு ஒரு நாளில் இருபது, முப்பது முறை மயக்கம் வந்தது. அவருடைய மனைவி எல்சே மேரி மனம் தளரவில்லை. அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் நாடி, உடலுக்குள் வைக்கும் கருவியைச் செய்து தரும்படி மன்றாடினார். அப்படி ஒன்று அதுவரை எந்த மனிதருக்கும் பொருத்தப்பட்டதில்லை. 1958 அக்டோபர் 8-ம் நாள் ஸ்டாக்ஹோமில் அது பொருத்தப்பட்டது. அது சில மணி நேரமே வேலை செய்தது. உடனே மற்றொன்று வைத்தார்கள். பின்னர் அவர் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் மாற்றப்பட்டன. லார்சன் தம்மைக் காப்பாற்றிய மருத்துவரையும் பொறியாளரையும் விட அதிக நாள் இருந்து, 2001-ல் 86-ம் வயதில் காலமானார். மயக்கத்தால் அல்ல, புற்றுநோயால்.

இன்னொரு பாடம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்து வருகிறது. அங்கே ரோஸ் ஆன் கென்னி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், காரணம் தெரியாமல் விழுந்து அடிபட்டு வந்த முதியோரை ஆராய்ந்தார்கள். கழுத்தின் பக்கத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை சிலருக்கு அளவு மீறிக் கூர்மையாகி, இருதயத்தைச் சில விநாடிகள் நிறுத்திவிடுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு பேஸ்மேக்கர் வைத்தபோது விழுகைகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன என்று 2001-ல் வெளியிட்டார்கள். ஆனால் 2010-ல் வந்த அடுத்த ஆய்வில் அந்த அளவு பலன் காணப்படவில்லை. ஆகவே விழுந்தவர் எல்லோருக்கும் கருவி தேவை என்பதல்ல; ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்பதே நாம் கற்பது. மற்றொன்றும் தெளிவாயிற்று. முதியோரில் பலருக்குத் தாம் மயங்கியதே நினைவிருப்பதில்லை. "தடுக்கி விழுந்தேன்" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. அவர்கள் அறிந்தது அவ்வளவே. ஆகவேதான் பக்கத்தில் நின்றவர் சொல்லும் சாட்சி மருத்துவருக்கு மிகவும் தேவை.

எல்லா மயக்கமும் இருதயத் தடையால் வருவதல்ல. வெயிலில் தேர்ப் பவனியில் நெடுநேரம் நின்றால், வியர்த்து, கண் இருட்டி, மெல்ல மயக்கம் வரலாம். படுக்கையிலிருந்தோ முழந்தாளிலிருந்தோ சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி வரலாம். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் இதைக் கூட்டும். இருதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. கண்ணழுத்த நோய்க்கு விடும் சில சொட்டு மருந்துகள்கூட நாடியைத் தாழ்த்தக் கூடும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், கண் சொட்டு உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்னறிவிப்பே இல்லாமல் வரும் மயக்கம், உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது வரும் மயக்கம், நடக்கையில் அல்லது வேலை செய்கையில் வரும் மயக்கம், நெஞ்சுவலியோ படபடப்போ சேர்ந்த மயக்கம் ஆகிய நான்கும் அபாய மணிகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒருவர் நம் முன் விழுந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். தூக்கி உட்கார வைக்காதீர்கள். நினைவு திரும்புமுன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். இருதய மயக்கத்திலும் கைகால் வெட்டி இழுப்பதுண்டு. வலிப்பு என்று முடிவுகட்டிச் சாவிக் கொத்தைக் கையில் திணிப்பதால் பயனில்லை. மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்து, நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள். மூச்சு இருந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரட்டித்துப் பாருங்கள். முகம் வெளுத்ததா, எவ்வளவு நேரம் நினைவில்லை, அதற்குமுன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள்.

மருத்துவமனையில் முதலில் இ.சி.ஜி. எடுப்பார்கள், படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இ.சி.ஜி. சில விநாடிகளைத்தான் காட்டும். அது சரியாக இருந்ததாலேயே நோயில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தேவையானால் ஒரு நாளோ அதற்கு மேலோ உடலில் அணியும் ஹோல்ட்டர் பதிவுக் கருவியைத் தருவார்கள். எப்போதோ ஒரு முறை மயங்குவோருக்குத் தோலுக்கடியில் வைத்து, மாதக்கணக்கில் பதிவுசெய்யும் சிறு கருவியும் உண்டு.

பேஸ்மேக்கர் என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். அது பெரிய நெஞ்சறுவை அல்ல. வழக்கமாக, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, காறை எலும்புக்குக் கீழே சிறு பையாகத் திறந்து கருவியை வைத்து, அதன் கம்பியை இரத்தக் குழாய் வழியே இருதயத்துக்குள் செலுத்துவார்கள். பொதுவாக எட்டு, பத்து ஆண்டுகள் பாட்டரி தாங்கும். பிறகு கருவியை மாற்ற வேண்டும். மிக்சி, தொலைக்காட்சி ஆகியவற்றால் தீங்கில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காமல், கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசினால் போதும். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னும், வெல்டிங் வேலைக்கு முன்னும் மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவி அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடைசி நேரத்தில் உயிர் பிரியாமல் இது தடுத்து, என்னைச் சித்திரவதை செய்யுமா?" செய்யாது. பேஸ்மேக்கர் துடிப்பைத் தூண்டத்தான் முடியும். உயிர் போகும் வேளையில் இருதயத் தசை அத்தூண்டுதலுக்கு இணங்காது. மரணம் தன் வழியில் அமைதியாகவே வரும். இக்கருவி தடுப்பது, அதற்கு முன் நேரும் வீணான விழுகைகளைத்தான்.

அன்பார்ந்தவர்களே, முதியோரிடம் ஒரு வேண்டுகோள். விழுந்ததை மறைக்காதீர்கள். நீங்கள் சொல்வதால் பிள்ளைகளுக்குச் சுமை கூடாது, சொல்லாததால்தான் கூடும். பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பெற்றோரின் அருகில் உட்கார்ந்து, "இந்த ஆண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள், தலை சுற்றியதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் கையைப் பிடித்து நாடியை எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, தாறுமாறாகத் தட்டினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பணம் தடையாக இருக்குமென்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். அன்பியக் கூட்டங்களிலும் இதைச் சொல்லுங்கள். தனியே வாழும் முதியவர் வீட்டுக் கதவைத் தினமும் ஒருவராவது தட்டுங்கள்.