முதலில் நிற்க வேண்டும்



பல ஆண்டுகள் மூலையில் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்று மீண்டும் உறுமி எழும்போது உண்டாகும் மகிழ்ச்சி பெரிது. அந்த மகிழ்ச்சியே ஆபத்துக்கு வாயிலாகவும் அமைதல் கூடும். இதனை நான் பட்டறிந்தேன்.

என் தந்தையார் 1971ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட் வண்டி, தருமபுரி மாவட்டத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது. அது சென்னையில் பிறந்த வண்டி. இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 1955இல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினர். பின்னர் அவற்றை இங்கேயே செய்யத் தொடங்கினர். தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்த பின்னும் சேய் நம் நாட்டில் வாழ்ந்தது.

கொட்டகையைத் திறந்ததும் நான் எஞ்சினையே நாடினேன். டாங்கியில் துருவும் கசடும் படிந்திருந்தன. நாட்பட்ட பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. இரண்டையும் கழுவினேன். இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், அது பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடும் என்று எண்ணிக் குழாய்களையும் மாற்றினேன். இவ்வகைப் புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி எஞ்சினோடு சேர்ந்தது. நெடுநாள் நின்றால் எண்ணெய் கசிந்து, அச்சுத்தண்டு சுழலும் அறையில் தேங்கிவிடும். அதனை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றினேன். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சில துளி எண்ணெய் விட்டு, கிக்கரை மெல்ல மிதித்துப் பிஸ்டனை இளக்கினேன். பிறகு பிளக்கை மாட்டி ஓங்கி மிதித்தேன். வண்டி உயிர்பெற்றது! ஊர்ப் பிள்ளைகள் ஆரவாரித்தனர்.

அவ்வாரவாரத்தில் மதி மயங்கினேன். எங்கள் நிலத்தினூடே சரிந்து செல்லும் வண்டிப்பாதையில் அதனை ஓட்டினேன். சரிவில் வேகம் மிகுந்தது. முன் பிரேக்கை இழுத்தேன். கைப்பிடியருகே உள்ளூர இற்றுப்போயிருந்த கம்பி அறுந்தது. உடனே பழக்கத்தால் வலக்காலை அழுத்தினேன். அங்கே இருந்தது பிரேக் அன்று, கியர்! பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. இக்கால வண்டிகளில் அது மாறிவிட்டது. இடக்காலின் நினைவு வருமுன் வைக்கோற்போரில் புகுந்து விழுந்தேன். போர் இருந்த இடத்தில் ஒரு கிணறு இருந்திருந்தால் இன்று உங்களோடு பேச நான் இருந்திரேன்.

குற்றம் வண்டியுடையதன்று. அது நிற்குமா என்று பாராமல் ஓடுமா என்று மட்டும் பார்த்த என்னுடையதே. ஆகவே வேலையை மறுபடியும் தொடங்கினேன், இம்முறை சக்கரங்களிலிருந்து.

பிரேக் உருளைகளைத் திறந்தபோது, கட்டைகளை விரிக்கும் அச்சு துருவேறி இறுகியிருந்தது. அதைத் துலக்கி, கட்டைகளுக்குப் புது உறை இட்டு, கம்பிகள் யாவற்றையும் மாற்றினேன். பழைய பிரேக் உறைகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆதலின் அதை ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். டயர் பார்வைக்கு நன்றாயிருந்தும் பக்கங்களில் மயிரிழை வெடிப்புகள் கண்டேன். தேயாத ரப்பரும் முதுமையடையும். இன்று டயர் வாங்குவோர் அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களை நோக்குக. 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

பிரேக்கின் வேலை யாது? இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே. வேகம் இரு மடங்கானால் அவ்வாற்றல் நான்கு மடங்காகும். ஆளும் வண்டியுமாக 250 கிலோகிராம் எடை 100 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்ளுங்கள். பிரேக்கால் மட்டுமே தடுத்தால் அங்கே பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய முக்கால் லிட்டர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அவ்வளவும் சிறிய உருளைகளில் சேர்ந்தால் பிரேக்கின் பிடிப்புத் தளரும். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியிலுள்ள தொப்பூர்க் கணவாயில் பாரமேற்றிய லாரிகள் பல விபத்துக்குள்ளாவதற்கு இதுவும் ஒரு காரணம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் சென்றால் எஞ்சினே வேகத்தைப் பெரும்பகுதி தாங்கிக்கொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை நிறுத்தி உருள விடுவோர், உயிரைச் செலவிடுகின்றனர்.

வண்டியைப் போலவே அதன் ஏடுகளும் நாட்பட்டிருக்கும். பதிவையும் காப்பீட்டையும் புதுப்பிக்காமல் சாலைக்குச் செல்லலாகாது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் விதி வகுக்கப்பட்டது. அவ்வாறு பதிந்தவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம், அன்றாடம் ஓட்டுவதற்கில்லை. எனவே அன்றாடம் ஓட்ட விரும்பிய நான் பழைய பதிவையே புதுப்பித்தேன்.

பின்னர் முதல் வாரம் களத்துமேட்டில் நடைவேகத்தில் ஓட்டி, நிறுத்தி, மீண்டும் ஓட்டினேன். இடக்கால் தானாகவே பிரேக்கை நாடும்வரை சாலையேறவில்லை. அடுத்து ஊர்ச் சாலை. பல வாரங்களுக்குப் பின்னரே தொப்பூர். தலைக்கவசம் அணிந்து, தாழ்ந்த கியரில், இடப்புறமாக இறங்கினேன். லாரிகள் என்னைக் கடந்து சென்றன, நான் நாணவில்லை. அடிவாரத்தில் நிறுத்தி, உருளைகளின் அருகே கையைக் காட்டிப் பார்த்தேன். மிதமான சூடே இருந்தது.

என் தந்தையார் அவ்வண்டியில் அவ்வழியே எத்தனையோ முறை இறங்கியவர். வீடு திரும்பியதும், எவ்வளவு வேகம் சென்றது என்று அவர் கேட்கவில்லை. “பிரேக் நன்றாகப் பிடித்ததா?” என்றே கேட்டார். பிடித்தது என்றேன். முகம் மலர்ந்தார்.