நிற ஆசைக்குத் தோல் கொடுக்கும் விலை



ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற 26 வயதுப் பெண் 2007-இல் தோல் புற்றுநோயால் இறந்தார். வெள்ளைத் தோலைக் கறுக்க வைக்கும் கதிர்ப் படுக்கைகளைத் தடை செய்யுங்கள் என்று கடைசி நாள்கள் வரை குரல் கொடுத்தார். 2009-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அவை புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியாக அறிவித்தது. 2016-க்குள் அந்நாட்டில் அந்த வணிகமே ஓய்ந்தது.

அங்கே கறுக்க ஆசை. இங்கே ஜொகூரில் நமக்கோ வெளுக்க ஆசை. முகத்தை வெள்ளையாக்கும் சில கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. மலேசியாவில் அதற்குத் தடை உண்டு. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காக்கும் இயற்கைக் குடையே அந்த மெலனின்தான்! பாதரசம் உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். கருவிலுள்ள குழந்தையையும் பாதிக்கும்.

எனவே, இரவுச் சந்தையிலோ இணையத்திலோ வாங்குமுன், சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அந்தப் பொருள் முறைப்படி அறிவிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சேர்மானங்கள் அச்சிடப்படாத டப்பாவைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. பெண் பார்க்கப் போன இடத்தில் “பிள்ளை கொஞ்சம் கறுப்பு” என்கிறோமே, அந்தச் சொல்தான் நம் பெண்களைக் கிரீம் கடைக்கு அனுப்புகிறது. முதலில் அதை நிறுத்துவோம்.