குவார்ட்டரும் மாத்திரையும்

(இளைஞர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடியைப் பத்திப் பேசக் கூப்பிட்டா ஒழுக்கத்தைப் பத்திப் பேசிட்டு எறங்கிப் போயிடுறாங்க. அந்த வேலை எனக்கு வேண்டாம். சேரிக்காரன் குடிச்சே அழியிறான்னு சொல்ல ஊர்ல ஆளுக்குப் பஞ்சமில்ல. 2003-லிருந்து சாராயக் கடையை அரசே நடத்துகிற மாநிலம் இது. பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பிறகும் இறக்குகிறார்கள். எறங்குறவரு நாத்தம் தாங்காம குடிச்சிட்டு எறங்குறாரு. மூட்டை தூக்குறவரும் சூளையில கல்லறுக்கிறவரும் சாயங்காலமானா ஒடம்பு வலிக்கு ஒரு மாத்திரை, ஒரு குவார்ட்டர். இந்த ரெண்டும் உள்ளே சந்திச்சா என்ன ஆகும்? பாட்டில்ல போட்டிருக்கிற எச்சரிக்கையில அது இல்ல. மாத்திரை அட்டையில இருக்கிறது பெரும்பாலும் இங்கிலீசு. நம்ம ஒடம்பைப் பத்தின தகவலை நம்மகிட்டருந்தே மறைச்சு வெச்ச மாதிரிதான் இது.

முதல்ல வலி மாத்திரை. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கத்தரித்துக் கொடுக்கும் டைக்ளோஃபினாக், புரூஃபென், ஆஸ்பிரின் எல்லாமே இரைப்பையின் உள்தோலை அரிக்கக்கூடியவை. சாராயமும் அதையே செய்கிறது. ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு. மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ, வாந்தி காப்பித்தூள் கரைச்ச மாதிரி வந்தாலோ அது அல்சர்னு மோர் குடிச்சிட்டுப் படுக்கிற விசயமில்ல, அப்பவே ஆஸ்பத்திரி.

பாராசிட்டமால் சாதுவான மாத்திரைன்னு பேரு. கல்லீரல் இதில் ஒரு சிறு பங்கை விஷமாக மாற்றி, பிறகு தன்னிடமுள்ள வேறொரு பொருளைக் கொண்டு அந்த விஷத்தை முறித்துவிடும். தினசரி குடிக்கிறவர் உடம்பில் விஷமாக்கும் வேலை கூடுகிறது, முறிக்கும் பொருளோ குறைகிறது. அரைவயிற்றுச் சாப்பாடு என்றால் இன்னும் குறைகிறது. மத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்புன்னா, நெதம் குடிக்கிறவங்களுக்கு 2 கிராமுக்குள்ள நிறுத்தச் சொல்றாங்க. 650 மாத்திரை மூணு போட்டாலே கிட்டத்தட்ட அதுதான். சளி மாத்திரையிலும் சில வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எண்ணணும்.

அடுத்தது பெண்தோழர்கள் கேட்கவேண்டியது. குடியை நிறுத்த மருந்துன்னு சோத்துலயோ கொழம்புலயோ புருசனுக்குத் தெரியாம கலந்து கொடுக்கிறாங்க. நெதம் அடி வாங்குறவ வேற என்ன செய்வா, அவளைக் குத்தம் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனா அதுல இருப்பது டைசல்ஃபிரம் என்றால் அது விளையாட்டு மருந்தில்லை. சாராயம் உடையும்போது உண்டாகும் நச்சை மேற்கொண்டு உடையவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. தெரியாம குடிச்சவருக்கு மூஞ்சி செவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, ரத்த அழுத்தம் விழுந்துடும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். மருந்தை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. சாப்பிடுகிறவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தரவேண்டிய மருந்து இது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் சிலருக்கு இதே மாதிரி செய்யலாம், அது முடிந்து மூன்று நாள் வரை குடி வேண்டாம் என்கிறார்கள்.

தெரியாம கலக்கிறதுன்னு வந்தா வியாபாரிகளையும் சொல்லணும். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலம், டயசிபாம், குளோரல் ஹைட்ரேட் கலந்து விற்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. தூக்க மாத்திரையும் சாராயமும் ரெண்டுமே மூளையை மந்தமாக்கி மூச்சை அடக்குகிறவை. ஒண்ணோட ஒண்ணு சேரும்போது தூக்கத்திலேயே மூச்சு நின்னுபோகும். சளிக்குப் போடும் சி.பி.எம். மாத்திரைகூட போதையோட சேர்ந்தா சாரத்துமேல நிக்கிறவரைக் கீழே தள்ளப் போதும்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுக்கிறவங்க வெறும் வயித்துல குடிச்சா சர்க்கரை சடார்னு எறங்கும். கல்லீரல் சாராயத்தை உடைக்கிற வேலையில் மாட்டிக்கொண்டு புதிதாகச் சர்க்கரை தயாரிக்க முடியாமல் போகிறது. தள்ளாட்டம், உளறல், வேர்வை, மயக்கம். பார்க்கிறவன் கண்ணுக்கு இது அப்படியே போதை. ‘குடிச்சிட்டுக் கெடக்கான்’னு தாண்டிப் போறாங்க. நம்ம தெருக்காரர்னா தாண்டுறவங்க எண்ணிக்கை இன்னும் கூடும். நினைவு இருந்தா சர்க்கரை, வெல்லம், எதாச்சும் கொடுங்க. நினைவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்கவெச்சு 108-ஐக் கூப்பிடுங்க. என்ன மாத்திரை சாப்பிடுறாருன்னும் சொல்லுங்க.

காசநோய்க்கு ஆறு மாத மருந்து சாப்பிடுறவங்க நம்ம பகுதியில உண்டு. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. குடி சேர்ந்தால் மஞ்சள்காமாலை வரும் வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னதும் ஒருத்தர் ‘அப்ப குடிக்கிற நாள் மாத்திரைய விட்டுடுறேன்’னார். அதுதான் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டா கிருமி மருந்துக்கு அடங்காது. கண்ணு மஞ்சளானா, மூத்திரம் கறுத்தா ஒடனே போய்க் காட்டணும்.

காட்டுறப்போ குடிக்கிறதை மறைக்கிறாங்க. சொன்னா டாக்டர் பேசுற பேச்சு அப்படி. ‘ஒங்களுக்கெல்லாம் எதுக்கு வைத்தியம்’னு கேட்டதை என் காதாலயே கேட்டிருக்கேன். திட்டுற எடத்துல யாரு உண்மையைச் சொல்வா? வாரத்துல எத்தனை நாள் குடிக்கிறாரு, எவ்வளவு குடிக்கிறாருங்கிறது காய்ச்சல் எத்தனை நாளாங்கிற மாதிரி ஒரு தகவல், அவ்வளவுதான். கூடத் துணைக்குப் போறவங்க நீங்க. அவரு தயங்கினா, அவரைக் கேட்டுக்கிட்டு, நீங்க எடுத்துச் சொல்லுங்க. ரொம்ப நாளாக் குடிக்கிறவரை ஒரே நாள்ல நிறுத்தவெச்சா வலிப்பு வரலாம், அதனால நிறுத்துற முடிவையும் மருத்துவர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும்.